வண்டி கொடுத்து வாங்கிய கோடரி

என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் பதினோரு வருடம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. சொத்துத் தகராறு கிடையாது, சம்பந்தம் பேசி முறியவும் இல்லை. எல்லாம் ஒரு கோடரியால் வந்த வினை. "உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்று இவர் சொல்ல, "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்று அவர் சொல்ல, நடுவில் நான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர்களின் கிறுக்கலையே படித்து மருந்து எடுத்துக் கொடுக்கிறேன், இந்த இரண்டு பேரின் முகத்தையா படிக்கத் தெரியாது? இருவருக்கும் பேச ஆசைதான். யார் முதலில் வாயைத் திறப்பது என்பதில்தான் அத்தனை வீம்பு.

அண்ணனுக்கு லேத் பட்டறை. முப்பது வருடமாக இரும்போடு வாழ்கிறவர். எதையும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "இது வார்ப்பு, இது அடிச்சது, இது தகரத்துக்குத் தம்பி" என்பார். பதினோரு வருடத்துக்கு முன் பழைய இரும்புக் கடை ஒன்றில், குவியலுக்கு அடியில் இந்தக் கோடரியைப் பார்த்திருக்கிறார். கை நீளத்துக்கு இரும்புக் காம்பு, பிறை மாதிரி வளைந்த அலகு, மேலெல்லாம் கறுத்துப்போன பிசுக்கு. தட்டிப் பார்த்தாராம், அது பாடியதாம். கடைக்காரருக்கு அண்ணனின் இரண்டு சக்கர வண்டிமேல் ரொம்ப நாளாக ஒரு கண். அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டு, கோடரியைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தார். அன்றைக்கு அண்ணி பேசிய பேச்சை நான் இங்கே எழுதப் போவதில்லை.

என் வீட்டுக்காரர் அருங்காட்சியகத்தில் ஆயுதப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர். ஒரு வாளைக் கையில் கொடுத்தால் எந்த ஊர், எந்தக் காலம் என்று சொல்லிவிடுவார். பெண்டாட்டி வயதைத்தான் ஒவ்வொரு தடவையும் தப்பாகச் சொல்வார். வெளியூரிலிருந்தெல்லாம் பெட்டி கட்டி அவருக்கு ஆயுதங்கள் அனுப்பி, அவர் எழுதிக் கொடுக்கும் ஒரு சீட்டுக்காகக் காத்திருப்பார்கள். அப்பேர்ப்பட்ட மாப்பிள்ளையிடம் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கும்போது, சாப்பாட்டு மேசைமேல் கோடரியை வைத்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

இவர் நேராகக் காம்பின் அடிக்குப் போனார். அங்கே எலுமிச்சை அளவில் ஒரு குமிழ் இருந்தது. பழைய இந்தியப் போர்க்கோடரிகளில் ஒரு ரகம் உண்டாம். காம்பு உள்ளே குழாயாக இருக்கும், குமிழைத் திருகினால் ஒளித்து வைத்த கத்தி ஒன்று வெளியே வரும். அசலைப் பார்த்துச் செய்த நகல்களில் குமிழைச் சும்மா ஒட்டியிருப்பார்கள், திருகாது. இவர் துணியைச் சுற்றித் திருகினார். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். ம்ஹூம். கோடரியின் தலையை ஏறெடுத்துக்கூடப் பார்க்காமல் மேசைமேல் வைத்துவிட்டார்.

"மச்சான், மனசுல வச்சுக்காதீங்க. இது அசல் இல்ல. யாரோ விக்கிறதுக்காகச் செஞ்ச நகல். நூறு வருஷம்கூட இருக்காது."

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து, "அசல் அல்ல" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அலுவலகப் பழக்கம், என்ன செய்ய? மேசையைச் சுற்றி முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள். "வண்டியக் குடுத்து வெறகுக் கோடாலி வாங்கின மகராசன்" என்று அண்ணிதான் ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வரும். அண்ணன் கோடரியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, சாப்பிடாமல் போனார். அன்றிலிருந்து தெருவில் அவருக்குப் பெயரே 'கோடாலி' என்றாகிவிட்டது. "கோடாலி கடைல குடுத்தா நல்லா கடைஞ்சு தருவார்" என்று வாடிக்கையாளர்கள் அவர் காதுபடவே சொல்வார்கள். தொழிலில் அவர் கையை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் இரும்பைத் தெரிந்தவர் என்ற பெயர் போயிற்று. அவருக்கு அதுதான் உயிர்.

இந்த நிலையில்தான் போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணி எனக்குப் போனில் ஒரு படம் அனுப்பினார். கூடவே ஒரு குரல் செய்தி. "சனியன் ஒழிஞ்சுது. நாடகக் கம்பெனிக்காரர் ஒருத்தர் நாளைக்கு நாலு மணிக்கு வந்து கோடாலிய எடுத்துட்டுப் போறார். மேல எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்துட்டு, பளபளன்னு முலாம் பூசப் போறாங்களாம். உங்க அண்ணன் சும்மாவே குடுத்துட்டார். நகல்தானே, மேடையிலயாவது அசல் மாதிரி நடிக்கட்டும்னு சொல்றார்."

இவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படத்தை அவர் முன்னால் வைத்தேன். கொடுப்பதற்காக அண்ணி அலகின் ஒரு ஓரத்தைத் துணியால் துடைத்திருந்தார். அந்த இடத்தில் மஞ்சளாக என்னவோ மின்னியது. இவர் வாயிலிருந்ததை மெல்லுவதை நிறுத்திவிட்டு, எச்சில் கையோடு படத்தைப் பெரிதாக்கினார்.

"இது பித்தளப் பூச்சு இல்லடி. இரும்பு மேல குறுக்கும் நெடுக்கும் கீறி, அதுல தங்கக் கம்பிய வச்சு அடிச்சிருக்கான். பாரு, தங்கம் போன எடத்துல அந்தக் கீறல் தெரியுது."

"அப்ப அன்னிக்கு ஏன் பாக்கல?"

இவர் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். "குமிழ் திருகல. அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

"நாளைக்கு நாலு மணிக்குத் தேய்க்கக் குடுத்துடுவாங்க. கௌரவம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா கோடாலியும் போயிடும், எங்க அண்ணன் பேரும் போனது போனதுதான். நீங்க வரீங்களா, இல்ல நான் மட்டும் போய் அந்த வண்டிக்கு முன்னாடி படுக்கட்டுமா?"

படுத்தாலும் படுப்பேன் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பட்டறை வாசலில் நின்றோம்.

அண்ணனின் பட்டறை நீளமான ஒற்றை அறை. வலது சுவரோரம் இரண்டு லேத், இடது சுவரில் அளவு வாரியாகத் தொங்கும் ஸ்பானர்கள், தரையில் சுருள் சுருளாக இரும்புச் சீவல். பின்பக்கம் கருவிகள் வைக்கும் அலமாரி. அதன் கதவில், லேத்தில் நிற்கிறவர் நிமிர்ந்தால் கண்ணில் படுகிற உயரத்தில், ஒரு பழுப்பேறிய சீட்டு ஒட்டியிருந்தது. "அசல் அல்ல." கீழே என் வீட்டுக்காரரின் கையெழுத்து. பதினோரு வருடமாக அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்திருக்கிறார். இவரும் அதைப் பார்த்துவிட்டார். தலை தானாகவே குனிந்தது.

அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டு ஸ்டூலைக் காலால் நகர்த்தினார். "உன் வீட்டுக்காரர உக்காரச் சொல்லு."

"உங்க அண்ணன்கிட்ட, அந்தக் கோடாலிய ஒரு தடவ பாக்கலாமான்னு கேளு."

"இன்னும் என்ன பாக்கணுமாம்? அதான் எழுதிக் குடுத்தாச்சே."

"அண்ணா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நாலு மணி வரைக்கும் அது உங்க கோடாலிதானே? அதுவரைக்கும் பாத்தா என்ன கொறஞ்சு போகுது?"

அண்ணன் பரணிலிருந்து சாக்கை இறக்கினார். நான் கடையிலிருந்து கொண்டுவந்த பஞ்சையும் ஸ்பிரிட்டையும் பிரித்து வைத்தேன். இவர் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு மணி நேரம் நிமிரவே இல்லை. இந்த மனிதரோடு இருபது வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன், வேலை செய்து நான் பார்த்ததில்லை. காய் நறுக்கச் சொன்னால் விரலை நறுக்கிக்கொள்கிறவர், குழந்தைக்குக் காது சுத்தம் செய்கிற பதத்தில் அந்த இரும்பைத் துடைத்தார். பஞ்சு பஞ்சாக அழுக்கு வர வர, அடியிலிருந்து கொடி கிளம்பியது. கொடியில் இலை, இலைக்கு நடுவே ஆறிதழ்ப் பூக்கள். பாதிக்கு மேல் தங்கம் உதிர்ந்துபோயிருந்தது.

"இந்தப் பக்கம் மட்டும் ஜாஸ்தி தேஞ்சிருக்கு பாரு. சேணத்துல தொங்கி உரசின எடம். காட்சிக்குச் செஞ்சது இப்படி ஒரு பக்கமா தேயாது" என்றார், என்னைப் பார்த்து. ஆனால் சொன்னது அண்ணனுக்கு.

அப்புறம், அலகின் உள்பக்க ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சொட்டு அமிலம் வைக்கலாமா என்று என் மூலமாகவே அனுமதி கேட்டார். அண்ணன் தலையசைத்தார். சொட்டு வைத்து, எண்ணி அறுபது வினாடி கழித்துத் துடைத்தார். அந்தத் துளி இடத்தில், பாலில் தண்ணீர் கலக்கும்போது ஓடுகிற மாதிரி வரிகள் நெளிந்தன.

அண்ணன் அதுவரை லேத்தைத் துடைக்கிற பாவனையில் நின்றவர், கிட்டே வந்துவிட்டார். "அது என்னவாம்?"

"மூசையில, அதாவது மண் குடுவைக்குள்ள வச்சு உருக்கின எஃகு. பதமா அடிச்சாத்தான் இந்த வரி நிக்கும், கொஞ்சம் சூடு ஏறினாலும் அழிஞ்சுடும். நகல் பண்றவன் இதுக்கெல்லாம் மெனக்கெட மாட்டான். பாரசீகத்துலயும் இந்தப் பிறை அலகு உண்டு. ஆனா அலகுக்குப் பின்னாடி இந்தச் சதுரச் சுத்தியல் முனையும், பூவுக்கு இந்த ஆறு இதழும் வடமேற்கு இந்தியா, சிந்துப் பக்கம். முந்நூறு வருஷம்னு சொல்லலாம்."

"அப்ப அசல்னு எழுதச் சொல்லு!" என்றார் அண்ணன். குரல் உடைந்துவிட்டது.

இவர் கண்ணாடியைக் கழற்றினார். முகம் செத்துப்போயிருந்தது. "தலைய எழுதிடுவேன். உடம்ப எழுத முடியாது. குமிழ் திருகலன்னா காம்பு பின்னாடி வந்ததுன்னு அர்த்தம். பழைய தலைய எடுத்துப் புதுக் காம்புல மாட்டினதுன்னுதான் எழுதணும். தெரிஞ்சே பொய் எழுத மாட்டேன். உங்க அண்ணனுக்காகக்கூட."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கோடரியாலேயே இரண்டு போடலாம் போலிருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில், பரவாயில்லை, நல்ல ஆளைத்தான் கட்டியிருக்கிறோம் என்றும் தோன்றியது. அண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கோபப்படாமல் குமிழையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். சுவரில் கடிகாரம் பதினொன்றரையைக் காட்டியது.

பிறகு நேராக இவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "மாப்ள, அன்னிக்கு இதை எந்தப் பக்கம் திருப்புனீங்க?"

பதினோரு வருடத்தில் முதல் பேச்சு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவருக்கோ அது உறைக்கவே இல்லை. "எந்தப் பக்கம்னா? எல்லாரும் திருப்புற பக்கம்தான். பாட்டில் மூடி திருப்புற மாதிரி."

"எவ்ளோ பலமா?"

"என்னால முடிஞ்ச மட்டும்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு, சுவரோரம் இருந்த சாணைக் கல்லைக் காட்டினார். "அந்த மெஷின்ல ரெண்டு கல்லு இருக்கு. வலது கல்லு நட்டு எல்லா நட்டும் மாதிரி கழலும். இடது கல்லுக்கு எதிர் மரை. நீங்க சொல்ற பக்கம் திருப்பினா கழலாது, இன்னும் இறுகும். இவன் எதிர் மரை போட்டிருந்தா என்ன பண்ணுவீங்க?"

இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. பார்த்தால், மனிதர் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருக்கிறார்.

"மச்சான், எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் மச்சான்! அந்தக் காலத்துத் துப்பாக்கி ரெண்டு மூணுல குழலோட பின்பக்க அடைப்பான் இப்படித்தான் எதிர்ப்பக்கம் கழலும். நானே கழட்டியிருக்கேன், நானே கட்டுரையும் எழுதியிருக்கேன். துப்பாக்கின்னா ஞாபகம் வருது. கோடாலின்னதும் கை பாட்டில் மூடி திருப்பப் போயிடுச்சு."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானை சறுக்கியதோடு விடாமல், திறக்க வேண்டிய கதவைத் தன் பலத்தையெல்லாம் போட்டு இறுக்கிப் பூட்டிவிட்டு, கதவே இல்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டது.

"இப்பவே திருப்பிடலாம்" என்று இவர் எழுந்தார்.

"உக்காருங்க. ஒரு தடவ அவசரப்பட்டது போதாதா?" அண்ணன் குமிழின் விளிம்பில் மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். வெந்நீரில் முக்கிப் பிழிந்த துணியைச் சுற்றினார், ஆறியதும் மறுபடி எண்ணெய். இப்படியே ஒரு மணி, இரண்டு மணி. நடுவில் ஒரு மரக்கட்டையில் குமிழ் அளவுக்குக் குழி கடைந்து, உள்ளே தோல் ஒட்டி, இரண்டாக அறுத்து ஒரு பிடி செய்தார். இரும்பு நசுங்கக் கூடாது, பூ கீறக் கூடாது என்று அவர் பட்ட பாட்டை இவர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஆபீஸ்ல இதுக்கு ஆறு மாசம் கமிட்டி போடுவாங்க" என்றார். இருவரும் சிரித்தார்கள். என்னை யாரும் தூதுக்குக் கூப்பிடவில்லை.

மூன்றரைக்கு அண்ணன் காம்பைப் பட்டறை மேசையின் இறுக்குப் பிடியில் பதமாகப் பொருத்தினார். மரப்பிடியைக் குமிழில் மாட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"இறுக்கினது நீங்க. கழட்டுறதும் நீங்கதான் மாப்ள."

இவர் இரண்டு கையாலும் பிடித்து, எதிர்ப்பக்கம் திருப்பினார். ஒன்றுமில்லை. நான் வேண்டாத சாமி இல்லை. "பதறாம, சீரா அழுத்தம் குடுங்க" என்றார் அண்ணன். எங்கேயோ பல் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். குமிழ் அரைச் சுற்று வந்தது. அப்புறம் முழுச் சுற்று. நாலாவது சுற்றில் இவர் அதை வெளியே இழுத்தார், ஒரு சாண் நீளத்துக்குக் கத்தி வந்தது.

துரு ஒரு புள்ளி இல்லை. உள்ளே பூசிய மெழுகு எண்ணெய் இன்னும் பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தது. கத்தியின் அடியில், மூடி வைத்தால் யாருமே பார்க்க முடியாத இடத்தில், அதே ஆறிதழ்ப் பூக்கள் வரிசையாக, தங்கம் கொஞ்சமும் உதிராமல் மஞ்சள் மஞ்சளாக இருந்தன. இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கத்தியைத் தலைக்குப் பக்கத்தில் வைத்தார். "ஒரே கை. கீறல் சாஞ்சிருக்கிற பக்கம்கூட ஒண்ணு. தலையும் உடம்பும் ஒருத்தனே செஞ்சது" என்றார்.

அண்ணனின் கண் பூவில் இல்லை, மரையில் இருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். "மரைய வெட்டல. தண்டுல கம்பியச் சுத்திப் பத்த வச்சு ஒட்டியிருக்கான். உள்ளயும் அதே மாதிரி கம்பி. லேத் கெடையாது, கரண்டு கெடையாது. வெறும் கை, கண்ணு, நெருப்பு. சுத்துக்குச் சுத்து எடவெளி ஒரு மயிரிழை மாறல. முப்பது வருஷமா மரை வெட்டுறேன் மாப்ள, நான் இவன்கிட்ட வேலைக்குச் சேரணும்னா சேத்துக்குவானான்னு தெரியல." கையைத் துணியில் துடைத்துவிட்டுக் கத்தியை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து நாடகக்காரர் போன் செய்தார். வண்டி கிளம்பிவிட்டதாம். "வர வேணாங்க. இந்தக் கோடாலிக்கு நடிக்க வராது. உங்களுக்குத் தகரத்துல நானே ஒண்ணு செஞ்சு தரேன்" என்று சொல்லி அண்ணன் போனை வைத்துவிட்டார்.

இவர் அலமாரிக் கதவுக்குப் போய், அந்தப் பழைய சீட்டை நகத்தால் மெல்ல உரித்தார். பதினோரு வருடப் பசை, பாதிதான் வந்தது. பையிலிருந்து புதுச் சீட்டு எடுத்து ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினார். போர்க்கோடரி, காம்பினுள் கத்தியுடன். வடமேற்கு இந்தியா. சுமார் முந்நூறு ஆண்டுகள். முழுவதும் அசல். அந்தச் சீட்டில் கடைசியில் 'கண்டறிந்தவர்' என்று ஒரு கோடு இருக்கும். இருபத்தைந்து வருடமாக அந்தக் கோட்டில் தன் பெயரைத் தவிர வேறு பெயர் எழுதியறியாதவர், அண்ணன் பெயரை எழுதினார். பக்கத்தில் 'லேத் மெக்கானிக்' என்று சேர்த்தார். அதற்குக் கீழே, சிறிய எழுத்தில்: முன்பு நகல் என்று எழுதப்பட்டது தவறு. அங்கேதான் தன் கையெழுத்தைப் போட்டார்.

அண்ணன் அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி மெதுவாகப் படித்தார். இரண்டாவது தடவை படித்தபோது அழுதுவிட்டார். மறைக்கவில்லை. "இரும்பு தெரியாதவன்னு ஆயிடுச்சேன்னு இருந்தேன் மாப்ள" என்றார். இவர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்பு என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்து நின்றது. வெளியே வரவில்லை, ஆண்களுக்கு அது எதிர் மரை போலிருக்கிறது.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஷட்டரை இறக்கப் போனார். வெட்கம் வந்துவிட்டதோ என்னவோ, திரும்பிப் பார்க்காமலே பழைய பழக்கத்தில் சொன்னார்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, வீட்டுக்கு வந்து சாப்டுட்டுத்தான் போகணும்னு. அன்னிக்குச் சாப்பிடாம எந்திரிச்சது இன்னும் பசிக்குது."

"வரேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்றார் இவர், இரண்டடி தள்ளி நின்றுகொண்டு.

"நீங்களே சொல்லிக்குங்க" என்று நான் கோடரியை எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டேன். அண்ணியிடம் இதை முதலில் காட்டப் போகிறவள் நான்தான்.